எருமையைப் பற்றி எழுதியவள்

1

போன மாதம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் அலுவலகம். வளையல், கைக்கடிகாரம், கைப்பை எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனால், என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாட்டின் வரலாறு பற்றிச் சில கேள்விகள் கேட்டார். பிறகு ஓர் ஆங்கில வாக்கியத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு வாக்கியத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லி எழுதச் சொன்னார். எழுதினேன். முற்றுப்புள்ளி வைக்க மறக்கவில்லை. "வெரி குட்!" என்றார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வதுபோல.

நான் இந்த ஊர்க் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அது அவருக்கு முன்னால் இருந்த கோப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் யார் வந்தாலும் எழுதச் சொல்லவேண்டும் என்பது விதி. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் நித்யா, வயது பத்து, "ஸ்பெல்லிங் மிஸ்டேக் எதுவும் போடலையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேலி இல்லை, உண்மையான கவலை. என் உச்சரிப்பைத் திருத்துவது அவளுக்குப் பல் துலக்குவதுபோல அன்றாட வேலை. அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். மதுரையிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் கூப்பிட்டால் சௌராஷ்டிரத்தில் பேசுவேன். எங்கள் வீட்டு மொழி அதுதான். தமிழும் சௌராஷ்டிரமும் வேறு வேறு என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவளுக்கு இரண்டும் சேர்ந்து 'அம்மா பாஷை'.

அன்றைக்கே பேச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். பேச்சியம்மாள் என்னோடு மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். இப்போது உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. என் பெயர் ஹேமா. அவள் வாயில் அது எப்போதும் 'ஏமா'தான்.

"ஏமா, பாஸா பெயிலா?"

"பாஸ். ஒரு வரி எழுதச் சொன்னாங்க."

"எம்.ஏ. படிச்சவளுக்கு டிக்டேஷனா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "எங்க ஆறாப்புப் பிள்ளைகளுக்கு நேத்துத்தேன் வச்சேன். பாதிப் பேரு புள்ளியே வைக்கல. நீ தேவல."

போனை வைத்த பிறகும் அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு முதலில் வந்திருக்கவேண்டியவள் அவள்தான் என்று அப்போது எங்கள் வகுப்பே நினைத்தது. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கம். வைகையின் வடகரையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. சிவப்புச் செங்கல் கட்டடங்கள், வேப்பமரங்கள், நடுவில் சிற்றாலயம். காலையில் கிறிஸ்தவ மாணவர்கள் ஜெபத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பு. பேச்சி மட்டும் நன்னெறி வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். "மதம் மாறப் போறியா?" என்று ஒருநாள் கேட்டேன். "பாட்டு நல்லாருக்கு. இங்கிட்டு நன்னெறில தூக்கம் வருது" என்றாள். விடுதிக் குளியலறையில் கீர்த்தனைகளைப் பெரிய குரலெடுத்துப் பாடுவாள். ஊருக்குப் போனால் குலசாமிக்குப் பொங்கல் வைப்பாள். இரண்டுக்கும் நடுவே அவளுக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை.

நான் மகால் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவேன். அப்பா வங்கியில் எழுத்தர். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளும் சைக்கிள் போகும் வழியிலேயே மாறிவிடும். கான்வென்டில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் வந்தது. பேச்சி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் வியர்த்துவிடும். ஆனால் எழுதச் சொன்னால் கதை வேறு. சின்னச் சின்ன வாக்கியங்கள். இலக்கணம் அங்கங்கே இடறும். ஆனாலும் வாசித்துவிட்டால் மறக்காது. எங்கள் துறைத்தலைவி ஜெயசீலி மேடம், "உங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் இருக்கு, பேச்சிக்குச் சொல்றதுக்கு விஷயம் இருக்கு" என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கிரியேட்டிவ் ரைட்டிங் ஒரு பாடமாக வந்தது. எழுதுவதைப் பாடமாக நடத்த முடியுமா என்று மற்றத் துறைகளில் சிரித்தார்கள். வீட்டில் அப்பாவுக்கு அது என்னவென்று விளக்க முடியவில்லை. "கதை எழுதணும்ப்பா" என்றேன். "அதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றதும் விட்டுவிட்டார்.

அந்தப் பாடத்தைச் சில வாரம் நடத்த, கல்லூரியோடு தொடர்பிலிருந்த அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். நரைத்த முடி, பருத்திப் புடவை, காலில் ஷூ. புடவை கட்டக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாட்டை அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல மனுஷி. போகும்போது எங்களில் ஒருவரை அங்கே முழு உதவித்தொகையோடு எழுத்துப் பட்டப்படிப்புக்குத் தேர்ந்தெடுப்பார் என்று ஜெயசீலி மேடம் சொன்னார். ஆளுக்கு ஒரு படைப்பு எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்கவேண்டும். மேடம் அதைச் சொல்லி முடிக்கும்போதே பாதி வகுப்பு பேச்சியைத் திரும்பிப் பார்த்தது.

3

முதல் நாள் அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டார். பேச்சியின் முறை வந்தது.

"உசிலம்பட்டி."

அந்த அம்மாவின் முகம் மாறியது. அந்த நாட்களில் பெண்சிசுக் கொலை பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் உசிலம்பட்டி என்ற பெயர் வந்துவிட்டது. விடுதியில் புதிதாகச் சேருகிற பெண்கள்கூட அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் பேச்சியிடம் அதைத்தான் கேட்பார்கள். அவள் முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா, என்னைய விட்டு வச்சுட்டாக" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வாள்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா அவளை நிறுத்திக்கொண்டார். பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டதால் நானும் நின்றேன். அவர் மிக மெதுவாக, அவளுக்குப் புரியவேண்டுமே என்று சொல் சொல்லாகப் பேசினார்.

"உன்னால் மட்டும்தான் அந்தக் கதையை எழுத முடியும். வெளியிலிருந்து வருகிறவர்கள் எழுதுவதைவிட நீ எழுதுவதற்கு மதிப்பு அதிகம். உலகம் கேட்கும்."

"நோ, மேடம்" என்றாள் பேச்சி.

"பயமா?"

"நோ, மேடம்." அதற்குமேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் ஜெயசீலி மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். துறை வராந்தாவில் நின்றே பேசினார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பேச்சி, அவங்க ஒண்ணும் தப்பாக் கேக்கலையேம்மா. நடக்குறது கொடுமை. உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?"

"உலகத்துக்குத் தெரிஞ்சதுதான மேடம். வந்து வந்து போட்டோ எடுத்து, எங்க தெருவுல எடுக்காத வீடு இல்ல. தெரிஞ்சத நான் எதுக்குச் சொல்லணும்? தெரியாததச் சொல்றேன்."

"தெரியாதது என்ன?"

"எங்க வீட்டு எருமை."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எருமை உன்னை அமெரிக்கா கூட்டிட்டுப் போகாதுடா" என்றார்.

"தெரியும் மேடம். அதுக்கு எங்க வீட்டுக்கு வரத்தேன் வழி தெரியும்."

அந்தப் பதில் மேடத்துக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அந்தக் கதையை விடுதி மொட்டைமாடியில் வைத்து எனக்கு முன்னமே வாசித்துக் காட்டியிருந்தாள்.

அவள் அப்பா உசிலம்பட்டிச் சந்தையில் ஓர் எருமையை விற்கிறார். மூன்று ஊர் தள்ளி இருப்பவர் வாங்கிப் போகிறார். மறுநாள் காலையில் எருமை வாசலில் நிற்கிறது. அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எருமை வந்தது. நாங்கள் கூப்பிடவில்லை.' வாங்கியவர் தேடிக்கொண்டு வருகிறார். வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று சாப்பாடு போடுகிறார்கள். ஓட்டிப் போகிறார். இரண்டு நாளில் எருமை திரும்ப வருகிறது. அவரும் வருகிறார். சாப்பாடு. மூன்றாவது முறை எருமை வரவில்லை, அவர் மட்டும் வந்துவிடுகிறார். 'இன்றைக்கு என்ன குழம்பு?' என்று கேட்பதோடு கதை முடியும்.

4

வாசிப்பு நடந்த மத்தியானம் கருத்தரங்கக் கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. நான் எங்கள் சந்தில் முதல் குளிர்சாதனப் பெட்டி வந்த கதையை வாசித்தேன். வாங்கியது எங்கள் வீடு. பயன்படுத்தியது தெரு முழுக்க. யார் வீட்டு மாவு, யார் வீட்டு மல்லிகைப்பூ என்று சண்டை வந்து, கடைசியில் அம்மா பெட்டிக்குப் பூட்டு வாங்கி வருகிறார். பரவாயில்லை என்று கைதட்டினார்கள்.

பேச்சி வாசித்தபோது கூடமே குலுங்கியது. அவள் உச்சரிப்பில் எருமைக்கான ஆங்கிலச் சொல் உசிலம்பட்டி எருமையாகவே வெளியே வந்தது. ஜெயசீலி மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அமெரிக்க அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தேர்வாகப்போவது அவள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு நாள் கழித்து என் பெயரை அறிவித்தார்கள்.

காரணத்தை ஜெயசீலி மேடம்தான் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மறைத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. பேச்சியின் எழுத்து மிக அழகு, ஆனால் கனமில்லை, தன் உண்மையான கதையைச் சொல்லாமல் அந்தப் பெண் ஒதுங்கிக்கொள்கிறாள் என்று அந்த அம்மா கருதினாராம். பேச்சி எழுந்து, "தாங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவளை ஆலயத்தின் கடைசி வரிசையில் கண்டுபிடித்தேன். பாட்டு நேரம் இல்லை. யாரும் இல்லை. அழுது முடித்திருந்தாள்.

"நான் போகல பேச்சி. உனக்குத்தான் வந்திருக்கணும்."

"லூசு மாதிரிப் பேசாத. நீ போகலைன்னா எனக்கா குடுப்பாக? வேற எவனாச்சும் போவான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்காதடி. அம்புட்டு ஆசை இருந்துச்சு. பனியப் பாக்கணும்னு இருந்துச்சு. ஆனா அதக் குடுத்துட்டுப் போக முடியல."

எதைக் கொடுத்துவிட்டு என்று அப்போது நான் கேட்கவில்லை. ஊர் மானத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டுக்குத் திருச்சிக்கு அலைந்தபோது என்னோடு வந்தவள் அவள்தான். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் கம்பளிச் சட்டை கேட்டால் கடைக்காரர், "கொடைக்கானலுக்கா? எத்தன நாளு?" என்றார். "ரெண்டு வருசம் அண்ணே" என்று பேச்சி சொன்ன பிறகு அவர் விரித்துப் போட்டவை எல்லாமே ஆண்கள் அளவு. அதில் ஒன்றைத்தான் வாங்கினேன். இங்கே முதல் குளிர்காலத்தில் அதற்குள் நான் இருக்கிறேனா என்று தேடவேண்டியிருந்தது.

5

நான் வந்து சேர்ந்த இந்தப் பல்கலைக்கழகம் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஊரில் சமயநல்லூர் தாண்டினால் தெரிகிற வெளி போலத்தான், ஆனால் நெல்லுக்குப் பதிலாகக் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். மதுரையில் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவள்தானே, எல்லாம் பழக்கமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். ஆலயமணி பழக்கமாகத்தான் இருந்தது. மற்றது பழக ஒரு வருடமானது.

முதல் வாரம் ஒரு வகுப்பில் கையைத் தூக்கி, ஊரில் சொல்வதுபோல, "சார், எனக்கு ஒரு டவுட்" என்றேன். ஒரு வரியின் பொருள் புரியவில்லை, அவ்வளவுதான். பேராசிரியர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்து தனியே பேசலாம் என்றார். தனியே, தாழ்ந்த குரலில், சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான், தனக்கும் இளமையில் கடவுள்மீது வந்தது, வேண்டுமானால் போதகரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னார். நான் பாடப்புத்தகத்தில் அந்த வரியைக் காட்டினேன். இருவருக்குமே வெட்கமாகப் போய்விட்டது.

எழுத்துப் பயிலரங்க வகுப்பு வேறு மாதிரி. எழுதியதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அவர்கள் பேசுவதை வாய் திறக்காமல் கேட்கவேண்டும். நான் என் அப்பா வங்கியில் ஸ்டிரைக் நடந்தபோது வீட்டில் சமைக்கக் கற்றுக்கொண்டதை எழுதினேன். ஒரு பெண் அன்போடு சொன்னாள்: "நன்றாக இருக்கிறது. ஆனால் இது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாமே. இன்னும் கொஞ்சம் இந்தியா வேண்டும்." இன்னொருவன், கதையில் வரும் அம்மாவுக்கு எத்தனை வயதில் கட்டாயக் கல்யாணம் நடந்தது என்பதைச் சேர்க்கலாம் என்றான். என் அம்மா கல்யாணத்துக்கு முன்பே அப்பாவைச் சினிமாக் கொட்டகையில் பார்த்துப் பேசியவர். அதை அங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை, எழுதியவர் பேசக்கூடாது.

அன்றைக்குத்தான் பேச்சி வராந்தாவில் நின்று பேசியது எனக்கு முழுசாக விளங்கியது. வீட்டுக்குப் போய் அந்தக் கதையில் இந்தியாவைக் கூட்டவில்லை. அப்பா ரசம் வைத்துப் பானையைக் கரியாக்கியதை இன்னும் இரண்டு பக்கம் கூட்டினேன். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. எப்படியோ பட்டம் வாங்கி, கல்யாணமாகி, கணவருக்கும் இங்கேயே வேலை கிடைத்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன்.

6

சென்ற கோடையில் ஊருக்குப் போனபோது நித்யாவையும் அழைத்துக்கொண்டு உசிலம்பட்டி போனேன். பேச்சி பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டாள். தலையில் கொஞ்சம் நரை, தோளில் பள்ளிக்கூடப் பை. அவள் கணவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறார். ஒரே மகன். அம்மா அவளோடுதான் இருக்கிறார்.

பேச்சியின் அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்கும். கனத்த குரல். நித்யாவைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, வெளிநாட்டுல சோறு போடுறாகளா இல்லையா? இம்புட்டு மெலிஞ்சிருக்க" என்றார். நித்யா என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கப் போனேன். அந்த அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டத்தில் நிறுத்தினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒருத்தி உசிலம்பட்டித் தமிழும் மற்றவள் அமெரிக்க ஆங்கிலமும் பேசிக்கொண்டு, கன்றுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் என்று தெரியவில்லை, ஆனால் கன்றுக்குப் பெயர் வைப்பதில் இருவருக்கும் தகராறு நடந்தது.

சாயங்காலம் பேருந்துக்குப் புறப்பட்டோம். நித்யா முன்னால் பேச்சியின் மகனோடு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால். வெயில் தாழ்ந்து, ரோட்டோரம் நிலக்கடலைக் காடு காய்ந்து கிடந்தது. எனக்குக் கேட்கவேண்டும்போல இருந்தது.

"அன்னைக்கு அந்த அமெரிக்கக்காரம்மா கேட்டத எழுதியிருந்தா நீ அங்க இருந்திருப்ப. என்னைக்காச்சும் வருத்தப்பட்டிருக்கியா?"

"ஒண்ணு ரெண்டு தடவை. பிள்ளைக பரிச்சைப் பேப்பரு திருத்துறப்ப" என்று சிரித்தாள். பிறகு முன்னால் போகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நடையைக் குறைத்தாள்.

"ஏமா, எல்லாரும் நெனச்சாக, நான் ஊர் மானத்துக்காகத்தேன் எழுதலைன்னு. நீயும் அப்படித்தான நெனச்ச?"

"ஆமா."

"ஊராவது மானமாவது. எனக்கு எழுத இருந்துச்சுடி. பத்திரிகைக்காரவுக எவனுக்கும் கெடைக்காதது எங்கிட்ட இருந்துச்சு. ஏன்னா அது நாந்தேன்."

ரோட்டை விட்டு ஒதுங்கி நின்று சொன்னாள். அவள் பிறந்த வாரத்தில் அந்த வீட்டுக்குள் நடந்ததை. பெரியவர்கள் முடிவு செய்ததை. பிள்ளை பெற்று எழுந்திருக்க முடியாமல் கிடந்த அவள் அம்மா எழுந்து செய்ததை. யாரோ அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்தாள். சற்று முன்பு என் மகளின் கையில் தவிட்டுச் சட்டியைக் கொடுத்த அந்தக் கைகள்தான் கண்முன் இருந்தன.

"அதக் கொண்டுபோயி ஸ்காலர்ஷிப்புக்குக் குடுக்கச் சொன்னா எப்படிடி குடுக்குறது? எங்காத்தா அத எங்கிட்டயே ஒரே ஒரு தடவைதேன் சொன்னா. அதுக்கப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

இருவரும் நடந்தோம். பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பால் ஐஸ் வைத்துக்கொண்டு நின்றார்கள். எழுதுகிறவர்களுக்கு உள்ள புத்தி எனக்கும் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

"இத எழுதலாமா பேச்சி?"

"என்னைய உயிரோட வச்சது எங்காத்தான்னு எழுதிக்க. அம்புட்டுத்தேன். மிச்சம், அவ இருக்குற வரைக்கும் கூடாது."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் நீ எதுக்கு எழுதுற?" என்றாள். "நான் எழுதுவேன்."

எந்த மொழியில் என்று கேட்டேன். அதற்குள் மதுரை வண்டி வந்துவிட்டது. நித்யாவை முதலில் ஏற்றி, பையைத் தூக்கிக் கொடுத்து, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டுத்தான் இறங்கினாள். வண்டி நகரும்போது கூடவே நாலு எட்டு நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப எங்காத்தாவுக்கு வாசிச்சுக் காட்ட முடியாதுல்ல. அதனால எதுல வேணா எழுதலாம்."